காற்று வராத தொப்பி

எங்கள் பங்கில் சனிக்கிழமைகளில் கம்பளித் தொப்பி பின்னுகிற பெண்கள் பன்னிரண்டு பேர் இருந்தோம். திருகோணமலையில் கம்பளித் தொப்பியா என்று நீங்கள் கேட்க முதல் ஊரே கேட்டுச் சிரித்து முடித்துவிட்டது. கச்சான் காற்று அனலை அள்ளிக் கொட்டுகிற ஆவணியில், மாதா கோவிலுக்குப் பின்னால் உள்ள தகரக் கூரை அறையில், உள்ளங்கையில் பவுடர் போட்டுக்கொண்டு பின்னுவோம். பவுடர் போடாவிட்டால் வேர்வையில் நூல் ஊசியோடு ஒட்டிக்கொண்டு நகராது. வாசலில், ஊர்த் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று படுத்திருக்கும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அது காதை மட்டும் அசைக்கும்.

தொப்பிகள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில், லயம் என்கிற வரிசை அறைகளில் வளர்கிற குழந்தைகளுக்கு. கிண்ணியாவிலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய், திரும்பும்போது லீக்ஸும் கரட்டும் ஏற்றிவரும் லொறி ஒன்று உண்டு. மார்கழிக்கு முன் ஒரு தடவை எங்கள் பெட்டிகளையும் அது ஏற்றிப்போகும். கருவாட்டு மணம் பிடிக்காமல் இருக்க மூன்று பொலித்தீன் பை போட்டுக் கட்டுவோம். மூன்றையும் தாண்டி மணம் உள்ளே போகும். குளிரில் நடுங்குகிற பிள்ளைக்கு மணம் பெரிதில்லை என்று எங்களை நாங்களே தேற்றிக்கொள்வோம்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் ஊதுவார்.

யாராவது ஒரு தொப்பியை முடித்தால் அது நேரே பெட்டிக்குப் போகாது, அவர் மடிக்குப் போகும். ஒரு பக்கம் உதடு, மறு பக்கம் உள்ளங்கை. காற்று வருகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஊதுவார். தீர்ப்பு இரண்டே இரண்டு. "வரேல்ல" என்றால் பெட்டிக்கு. "வருது" என்றால் அவிழ்க்க வேண்டும். நிறம், பூ வேலை, குஞ்சம் எதையும் பார்க்க மாட்டார். சங்கத்துக்கு வந்து மூன்றாவது மாதமே இந்த வேலையைத் தானாக எடுத்துக்கொண்டார். ஒருவரும் கொடுக்கவுமில்லை, ஒருவரும் தடுக்கவுமில்லை.

ஆள் கட்டை. சமதரையில் நடக்கும்போதும் ஏற்றத்தில் ஏறுகிறவர் போல முன்னுக்குச் சாய்ந்து நடப்பார். துறைமுகத்தில் கிளாக்காக இருந்த புருசன் இறந்து சில வருடங்கள். ஒரே மகள், மருந்துக் கடையில் வேலை. பெண்பிள்ளையைத் தனியே வளர்த்தவர்களிடம் இருக்கிற ஒரு விறைப்பு அவரிடமும் இருந்தது. ஊரில் அவரைப் பற்றித் தெரிந்தது ஒரு வரிதான். "மடத்தில வளர்ந்தவ, பாவம்." அதாவது தாய் தகப்பன் இல்லாமல் கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்தவர். அதற்கு மேல் ஒருவரும் தோண்டியதில்லை. அநாதை என்றால் எங்கள் ஊர் கேள்வியை நிறுத்திக்கொள்ளும்.

ஊதுவது தொப்பியோடு நிற்கவில்லை. ஒருமுறை நாங்கள் இருவரும் கிண்ணியாவுக்குப் போர்வைத் துணி வாங்கப் போனோம். கடைக்காரர் எட்டுச் சுருள்களை விரித்துப் போட்டார். இவர் ஒவ்வொன்றின் நுனியையும் தூக்கி ஊதினார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு ஓடி ஒளிக்கலாம் போல இருந்தது.

"என்னக்கா, அடுப்பா ஊதுறீங்க?" என்றார் கடைக்காரர்.

"தம்பி, உங்கட துணி மினுங்குது. ஆனால் காத்து இந்தப் பக்கத்தால வந்து அந்தப் பக்கத்தால போகுது. இது போர்வையோ, வலையோ?"

கடைக்காரரும் நுனியைப் பிடித்து ஊதிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒன்பதாவது சுருளைக் கொண்டுவந்தார். அது கொஞ்சமும் அழகில்லை. அதைத்தான் வாங்கினோம்.

அவர் வீட்டு யன்னல் இடுக்குகளில் பத்திரிகைத் தாளைச் சுருட்டி அடைத்திருப்பார். வெக்கையில் நாங்கள் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கச் சண்டை போடும்போது இவர் கதிரையைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொள்வார். "குளிருக்கு வாசல் வேண்டாம். ஊசி போற இடம் போதும்" என்பார். வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்வார். நாங்கள் சிரிப்போம். எங்களில் ஒருவரும் குளிரை அறியோம். மார்கழி வாடையில் சீலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டால் அதுதான் எங்களுக்குக் குளிர். இந்த மனுசி எங்கே கண்டது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எனக்குத் தெரியவந்தது ஒரு பெரிய வெள்ளிக் கிழமை. கஞ்சிக்கு முருங்கை இலை ஆயவேண்டும். மற்றவர்கள் சிலுவைப் பாதைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் கோவில் குசினிக்குப் பின்னால் நின்றோம். வெட்டிய கொப்புகளை மதிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் ஒரு காம்பை உருவ முதல் அவருடைய இரண்டு கையும் பத்துக் காம்பு உருவியிருக்கும். அப்படி ஒரு வேகத்தை நான் கண்டதில்லை. பிடி நிறைந்ததும் வலது கை தானாகத் தோளுக்கு மேலால் பின்னுக்குப் போய்த் திறந்தது. இலை முழுக்க மண்ணில் விழுந்தது. முதுகில் கூடை இல்லை என்பது கைக்குத் தெரியவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். குனிந்து இலையைப் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன்.

"என்ர பிள்ளைக்கும் தெரியாது, தங்கச்சி" என்றார்.

ஒன்பது வயதில், கலவரத்துக்குப் பிறகு, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயோடு லொறியில் கப்பல்துறைப் பக்கம் வந்து இறங்கினவராம். தாய் இரண்டாம் வருடம் காய்ச்சலில் போய்விட, மடத்தில் சேர்த்தார்கள். மடத்துப் பிள்ளைகள் இவர் கதைப்பதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆறு மாதத்தில் எங்களை விட நன்றாக எங்கள் தமிழைக் கதைக்கப் பழகினார். புருசனுக்கு மட்டும் சொன்னார். புருசன் கேட்டுவிட்டு, இனி ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை என்றாராம். அது அன்பா பயமா என்று தனக்கு இன்றைக்கும் தெரியாது என்றார்.

ஏன் மறைக்க வேண்டும் என்று எங்கள் ஊர்க்காரர் எவரும் கேட்க மாட்டார்கள். 'தோட்டக்காட்டார்' என்ற சொல்லை எங்கள் வீடுகளில் எந்தத் தொனியில் சொல்வோம் என்பது எங்களுக்குத் தெரியும். கலியாண வீடுகளில், பந்தியில், அவர் பக்கத்திலேயே இருந்து நானும் சொல்லியிருப்பேன். நினைவில்லை. நினைவில்லாமல் சொல்கிற அளவுக்கு அது எங்களுக்குச் சாதாரணம்.

நான் தபால் கந்தோரில் இருபத்தெட்டு வருடம் இருந்தவள். அடுத்தவர் கடிதத்தை உறை பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில். "என்னோட இருக்கும் அக்கா" என்றேன். இருந்தது.

எங்கள் சங்கத் தலைவி ஓய்வுபெற்ற ரீச்சர். கெட்டிக்காரி. கொடுக்கிற கை. வெள்ளம் வந்தபோது சொந்த வீட்டு அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினவர். அவருடைய தமையன் மகன், துறைமுகத்தில் நல்ல உத்தியோகம், மருந்துக் கடையில் எங்கள் ஊதுகிற அக்காவின் மகளைப் பார்த்து விருப்பம் சொல்லியிருந்தான். ரீச்சருக்கும் பிடித்துக்கொண்டது. "மடத்து வளர்ப்பு, பிள்ளையையும் அப்பிடியே வளர்த்திருக்கிறா" என்றார். இரண்டு வீட்டுக்கும் இடையே தூது போனது நான். நத்தார்ப் பண்டிகை முடிந்ததும் மோதிரம் மாற்றுவது என்று பேச்சு.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அக்கா கோவில் படியில் வழுக்கிக் கை எலும்பை வெடிக்க வைத்துக்கொண்டார். ஆறு கிழமை கட்டுப் போட்டார்கள். சனிக்கிழமைகளில் ஊதுவதற்கு ஆளில்லை.

அந்த ஆறு கிழமையில் ரீச்சர் எங்கேயோ ஒரு புத்தகத்தில் புதிய மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்தார். சுற்றிவரப் பூப் போலத் துளைகள். காதுக்கு மேலேயே முடிகிற விளிம்பு.

"போன வருசத்துத் தொப்பியைப் பாருங்கோ, சட்டி கவிழ்த்த மாதிரி. சின்னப் பிள்ளையளுக்குத் தலை வேர்க்காதோ? வேர்க்குரு போட்டுதெண்டால் தாய்மார் எங்களையெல்லோ பேசுவினம்" என்றார்.

மற்றப் பத்துப் பேரும் தலையாட்டினோம். எங்கள் பிள்ளைகளை வளர்த்தபோது எங்கள் நித்திரையைக் கெடுத்தது வேர்க்குருதான். குழந்தைக்குக் காற்றுப் பட வேண்டும் என்பது எங்களுக்கு வேதவாக்கு. ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான். அன்பாகத்தான் விட்டோம். அறுபது தொப்பி முடித்தோம். மஞ்சள், ரோஸ், நீலம். பார்க்க அவ்வளவு வடிவு.

கட்டுப் பிரித்த அக்கா வந்தது கடைசிச் சனிக்கிழமை. லொறி திங்கட்கிழமை. பெட்டிகள் திறந்து கிடந்தன. அவர் ஒன்றை எடுத்தார், ஊதினார். இன்னொன்றை எடுத்தார். ஏழெட்டு எடுத்தபிறகு ஊதுவதை நிறுத்திவிட்டு ஒரு தொப்பியைத் தன் தலையிலேயே வைத்துப் பார்த்தார். ஒருத்தி சிரித்தாள்.

"இது எல்லாம் வருது, ரீச்சர்" என்றார்.

"காத்து வரத்தானே பின்னினது?"

"காதும் வெளியில நிக்குது."

"அங்க என்ன பனிமலையே கிடக்கு? சும்மா ஒரு குளிர். நான் பள்ளிக்கூடப் பிள்ளையளை ஒருக்கா நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனனான். சித்திரை மாசம். நல்ல காலநிலை."

"அவிழ்க்க வேணும்."

ரீச்சரிடம் அப்படி ஒருவரும் பேசுவதில்லை.

"அறுபது தொப்பி" என்றார் ரீச்சர், நிதானமாக. "பதினொரு பேரின்ர ஆறு கிழமை வேலை. நாங்களும் இங்கதான் பிறந்தனாங்கள், நீரும் இங்கதான் மடத்தில வளர்ந்தனீர். எங்களுக்குத் தெரியாத குளிர் உமக்கு என்னெண்டு தெரியும்?"

நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். தொப்பி போகும், போகிற இடத்தில் யாரோ முகம் தெரியாத பிள்ளைகள் போட்டுக்கொள்ளும். நத்தார் வரும், மோதிரம் வரும், மகள் ரீச்சர் வீட்டுக்கு மருமகளாகப் போவாள். நாற்பது வருடம் காத்ததை இன்னும் ஒரு மாதம் காக்க முடியாதா? வேண்டாம் அக்கா என்று மனதுக்குள் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவர் அந்தத் தொப்பியைத் தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எங்கள் தமிழில் இல்லாமல் வேறொரு தமிழில் பேசினார்.

"நான் லயத்துல பொறந்தவ, ரீச்சர். அஞ்சரைக்கெல்லாம் எங்கம்மா என்னையத் தூக்கிக்கிட்டு பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டுக் கொழுந்து பறிக்கப் போகும். பனி மூஞ்சில அடிக்கும். மொதல்ல காதுதான் வலிக்கும். வலிச்சு வலிச்சு, அப்புறம் காது இருக்குறதே தெரியாது. இந்தத் தொப்பியப் போட்டா பிள்ளைங்க அழகா இருக்கும். ஆனா குளிரும்."

ரீச்சரின் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் எழுந்து முதல் பெட்டியை இழுத்து, ஒரு மஞ்சள் தொப்பியை எடுத்து, முடிச்சைப் பல்லால் கடித்து, நூலை இழுத்தார்.

"என்ன பார்த்துக்கொண்டு இருக்கிறியள்? அவிழுங்கோ" என்றார்.

லொறிக்காரரைக் கெஞ்சி வியாழக்கிழமை வரைக்கும் நிற்க வைத்தோம். கருவாடு பழுதாகாது என்பது எங்கள் அதிர்ஷ்டம். அந்த நாலைந்து நாளும் அறையில் சமையல், அறையில் சாப்பாடு. காதை மூடி நாடியில் கட்டுகிற தொப்பி, துளை இல்லை, பூ இல்லை. எல்லாரிலும் கூடப் பின்னியது ரீச்சர்தான். விரல் வீங்கிவிட்டது, விடவில்லை. நாற்பத்தொன்பது தேறியது. ஒவ்வொன்றையும் அக்கா ஊதினார். ரீச்சர் தன்னுடையதை நீட்டும்போது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போல நின்றதை நான் கண்டேன். மனித மனம் இளகியதைக் கண்டேன் என்று அன்றைக்கு நம்பினேன்.

லொறி போன மறுநாள் ரீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"உமக்கு முந்தியே தெரியுமோ?"

"இல்லை, ரீச்சர்."

"பொடியன் இப்போதைக்குக் கலியாணம் வேண்டாமெண்டுறான் எண்டு சொல்லிவிடும்."

"பொடியன் அப்பிடிச் சொன்னவனோ?"

அவர் வீங்கிய விரலைத் தடவிக்கொண்டிருந்தார். "நாங்கள் அந்தப் பிள்ளையளுக்குச் செய்யாததோ? இன்னும் செய்வம். சம்பந்தம் வேற கதை. அண்ணாவுக்கு நான் என்னெண்டு முகம் குடுக்கிறது?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காதது. கெட்டவராக இருந்தால் கோபித்துவிட்டுப் போயிருப்பேன்.

நான் தூதுக்காரி. போனேன். அக்கா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். சொல்லச் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் சொன்னேன்.

"பொடியனோ சொன்னவர்?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

உறை பிரிக்காமல் கொடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருப்பது பொய் என்று தெரிந்துதான் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கொஞ்ச நேரம். பிறகு, "தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ" என்றார். மகள் மூன்று நாள் தாயோடு பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நாலாம் நாள், தாய் பிறந்த தோட்டத்தின் பெயரைக் கேட்டாளாம்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரமாட்டார் என்று எல்லாரும் நினைத்தோம். வராவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தோம், உண்மையைச் சொன்னால். அவர் வந்தார். சுவரோரக் கதிரையில் இருந்தார். ரீச்சர் ஒரு தொப்பியை முடித்து, தயங்கி, நீட்டினார். ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தோம். அக்கா வாங்கினார். ஒரு பக்கம் உதடு, மறு பக்கம் உள்ளங்கை.

"வரேல்ல. நல்லாயிருக்கு, ரீச்சர்."

பிறகு என்னுடையதை வாங்கினார். ஊதினார்.

"வருது" என்றார்.

சங்கத்தில் இறுக்கமாகப் பின்னுவதில் எனக்குத்தான் பெயர். என்னுடைய தொப்பி ஒன்றுகூட அதுவரை திரும்பி வந்ததில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் நானே ஊதிப் பார்த்தேன். உள்ளங்கையை நனைத்துவிட்டு ஊதினேன். வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை, காற்றும் வரவில்லை. ஆனாலும் அவிழ்த்தேன். எண்பது கண் போட்டுத் திரும்பப் பின்னினேன்.

அடுத்த கிழமையும் "வருது" என்றார். அதற்கு அடுத்த கிழமையும். மற்றவர்களுக்கு விளங்கவில்லை. "என்ன, உமக்குக் கண் மங்குதோ?" என்று ரீச்சர் கேட்டார். நான் நூலைச் சுற்றினேன். மூன்று தடவை அவிழ்த்த நூல் பஞ்சடித்துப் போயிருந்தது. வெட்கம் என்றால் என்ன என்று அந்த மூன்று கிழமையில் அறிந்தேன். கோபமும் வந்தது. அவரைக் கைவிட்டது ரீச்சர், அவிழ்ப்பது நானா? பிறகு ஒருநாள் பின்னிக்கொண்டிருக்கும்போதே விடை தெரிந்தது. ரீச்சரிடம் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. முருங்கை இலை பொறுக்கியது என்னோடு.

நாலாவது சனிக்கிழமை நான் நேரத்தோடு போனேன். அறையில் அவர் மட்டும் இருந்தார். வாசலில் மான் படுத்திருந்தது.

"அக்கா, பொடியன் அப்பிடிச் சொல்லேல்ல. அவன் விருப்பமாத்தான் இருந்தவன். ரீச்சர்தான் சொல்லச் சொன்னவ. எனக்குத் தெரியும், தெரிஞ்சுகொண்டுதான் உங்களுக்குப் பொய் சொன்னனான்."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாம், தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது.

இரண்டு வருடம் கழித்து மகள் மன்னாரில் ஒருவரைக் கட்டிக்கொண்டு போக, இவரும் கூடப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கு முதலிலேயே எல்லாம் சொன்னார்களாம். இப்போது சனிக்கிழமைகளில் ஊதுவது என் வேலை. ரீச்சர் இன்னும் தலைவி, இன்னும் நன்றாகப் பின்னுகிறார். அக்காவைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த நாலாவது சனிக்கிழமை என் பையிலிருந்து பஞ்சடித்த அந்தத் தொப்பியை எடுத்து அவரிடம் நீட்டினேன். வாங்கினார். இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். உதட்டுக்குக் கொண்டுபோவார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஊதவில்லை. காதுப் பட்டியை உள்ளே மடித்து, தொப்பியைப் பெட்டிக்குள் வைத்தார்.